கால் ஜோசியம்

குனிந்த தலை நிமிராத பெண் என்று ஊரே மெச்சுகிறதே, அந்தப் பெண் குனிந்த தலையோடு எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று யாராவது கேட்டதுண்டா? கண்ணை மூடிக்கொண்டா உட்கார்ந்திருப்பாள்? வலியசாலை விஜயலக்ஷ்மியைக் கேட்டால் சொல்வாள். அவள் காலைப் பார்த்தாள். ஐந்து வருஷத்தில் ஆறு தடவை பெண் பார்க்க வந்தவர்கள் அத்தனை பேர் காலையும் பார்த்தாள். மூஞ்சியைப் பார்த்தால்தான் அடக்கமில்லை என்பார்கள். காலைப் பார்க்கக் கூடாதென்று எந்த சாஸ்திரத்திலும் எழுதி வைக்கவில்லை. மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அப்பா நாகேஸ்வர ஐயர் வஞ்சியூர் கோர்ட்டில் நகல் எடுக்கிற குமாஸ்தா. அம்மா சீதாலக்ஷ்மி. தங்கை சாவித்ரி, விஜயலக்ஷ்மிக்கு ஆறு வயசு இளையவள். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சர்க்கார் ஆபீஸில் பாதிப் பேருக்குத் தன் நாற்காலி எது என்றே நிச்சயமில்லாத சமயம். அந்தக் குழப்பத்தில் விஜயலக்ஷ்மிக்கு ஒரு டைப்பிஸ்ட் நாற்காலி கிடைத்திருந்தது. இருபத்தைந்து வயசு முடிந்தும் கல்யாணமாகாத பெண் ஆபீஸ் போகிறாளே என்று தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். பேசினால் பேசட்டும். வாய் இருக்கிறது, பேசுகிறார்கள்.

ஆபீஸிலும் அவள் காலைத்தான் பார்த்தாள். வாய் பொய் சொல்லும், கண்ணைக்கூடப் பழக்கிவிடலாம், காலுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது என்பது அவள் கட்சி. சூப்பிரண்டு மேஜைக்கு அடியில் இரண்டு செருப்பையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தால் லீவு கேட்கலாம். ஒரு செருப்பு மட்டும் விரல் நுனியில் தொங்கினால் மேலே யாரோ கூப்பிட்டு வைதிருக்கிறார்கள், அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. பெருவிரல் தரையைத் தட்டினால் எதிரில் நிற்கிறவன் எப்போது தொலைவான் என்று அர்த்தம். வீட்டு வாசலில் கீரைக்கார எலிசாள், "நான் போறேன் அம்மா, எனக்குக் கட்டாது" என்று கூடையைத் தலையில் ஏற்றுவாள். குதிகால் தரையைவிட்டு எழும்பாது. "நிக்கட்டும் அம்மா, அவ போக மாட்டா" என்பாள் விஜயலக்ஷ்மி உள்ளிருந்தபடியே. எலிசாளும் போகமாட்டாள். "இந்தக் குட்டிக்குக் கண்ணு எங்கெல்லாம் இருக்கு!" என்று கூடையை இறக்குவாள்.

பெண் பார்க்க வந்த கால்கள் விஷயத்திலும் ஒன்றுகூடத் தப்பியதில்லை. முதலில் வந்தவன் ஆலப்புழைக்காரன். காபி வருவதற்கு முன்னாலேயே அவன் கால் செருப்பைத் துழாவியது. செருப்போ வாசலில் கிடந்தது. 'பதில் வராது' என்றாள், வரவில்லை. மூன்றாவது பிள்ளையின் அம்மா ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டே இருந்தாள். 'ஏதோ கேக்கணும், தைரியம் வரலை, லெட்டர்லே கேப்பா' என்றாள். அப்படியே வைரத் தோடு கேட்டு லெட்டர் வந்தது. ஐந்தாவது பிள்ளையின் இரண்டு காலும் நாற்காலிக்கு அடியில் பின்னிக்கொண்டு ஒளிந்துகொண்டன. 'இதுக்கு வேற எங்கேயோ மனசு இருக்கு' என்றாள். ஆறே மாசத்தில் அவன் கூட வேலை பார்த்த யாரையோ ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டான். அப்புறம் என்ன, வந்தவர்கள் தெருமுனை திரும்பியதும் அம்மா ஓடிவந்து, "கால் என்னடி சொல்லித்து?" என்று கேட்பது வீட்டு வழக்கமாகிவிட்டது. சாவித்ரிக்கு அது ஒரே சிரிப்பு. "எங்காத்துலே ஜாதகம் வேண்டாம், அக்காவோட கால் ஜோசியம் போறும்" என்பாள்.

சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டால் மட்டும் படிக்க முடியாது. அதனால் வருகிறவர்களுக்கு மரியாதை என்று சொல்லி அடுத்த வீட்டிலிருந்து நாலு நாற்காலியைத் தானே தூக்கிவந்து போடுவாள். மரியாதையாம் மரியாதை!

இது வெளியே தெரிந்த கதை. தெரியாதது ஒன்று உண்டு. ஆறாவது பிள்ளையும் வேண்டாமென்று கார்டு போட்ட அன்று, அந்தக் கார்டை அடுப்பில் போட்டுவிட்டு அவள் மனசுக்குள் ஒரு சபதம் எடுத்தாள். இனி ஒருத்தன் என்னை வேண்டாமென்று சொல்லக்கூடாது. அவன் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். கால்தான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறதே!

ஏழாவதாக வந்தவன் பட்டாபி.

பூர்வீகம் திருநெல்வேலி. வேலை பொன்முடியில், ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில். தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன், அப்பா, அம்மா, சொர்ணம் அத்தை என்று நாலு பேரும் தம்பானூரில் இறங்கிக் குதிரைவண்டி பிடித்து வந்தார்கள். வாசல் அறை ஜன்னலில் கீழ்க் கதவு மட்டும் திறந்திருந்தது. அதன் வழியாக இடுப்புக்குக் கீழே தெரியும், விஜயலக்ஷ்மிக்கு அது போதும். வாசலில் வைத்திருந்த தண்ணீரை ஒரு கை மொண்டு முதலில் அப்பாவின் காலில் விட்டது, அப்புறம் அத்தையின் காலில், கடைசியில்தான் தன் காலில். அகலமான கால். குதியில் வெடிப்பு. நகக்கண்ணில் சிவப்பு மண் ஒட்டியிருந்தது. கணுக்காலுக்கு மேலே அட்டை கடித்த வடுக்கள், கறுப்புக் கறுப்பாக, ஏழெட்டு. தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். அந்த மண் போகவில்லை.

இந்தக் கால் நம் வீட்டில் நடந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் திக்கென்றது. ஆறு தடவையில் ஒரு தடவைகூட அப்படித் தோன்றினதில்லை. மடியில் கனம் இல்லாதவரைக்கும் அவள் நிம்மதியாகப் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது கனம் வந்துவிட்டது. சாவித்ரி பூ வைத்துவிட வந்தபோது, "தலையை ஆட்டாதே அக்கா, உனக்கென்ன இன்னிக்கு ஒரே பரபரப்பு!" என்றாள்.

கூடத்தில் போய் நமஸ்காரம் பண்ணிவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். எதிரில் எட்டுக் கால்கள். பட்டாபி இரண்டு பாதத்தையும் அவளை நோக்கி நேராக, பக்கத்தில் பக்கத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வைத்திருந்தான். நல்லது. அவனுக்கு இடது கைப் பக்கம் விஜயலக்ஷ்மியின் அப்பா உட்கார்ந்திருந்தார். அதே பக்கம் இன்னும் தள்ளிச் சமையலறைக் கதவு. கதவுக்குப் பின்னால் சாவித்ரி நிற்கிறாள் என்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

"பொன்முடிக்கு தினம் பஸ் உண்டோ?" என்று அப்பா மாப்பிள்ளையைக் கேட்டார்.

பதில் இல்லை. அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சடக்கென்று மாப்பிள்ளையின் அம்மா கால் நீண்டு வந்து மகன் காலில் ஒரு இடி இடித்தது. "தினம் எங்கே வரது! வாரத்துலே ரெண்டோ மூணோ" என்று பதிலையும் அந்த மாமியே சொன்னாள்.

விஜயலக்ஷ்மி அந்த இடியைக் குறித்துக்கொண்டாள். கேட்ட கேள்வி காதில் விழாத அளவுக்குப் பிள்ளையின் கவனம் எங்கே போயிருக்கிறது?

"ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கோளேன்" என்றாள் சொர்ணம் அத்தை.

மோகனத்தில் ஒரு பாட்டு ஆரம்பித்தாள். அவளுக்கு நன்றாக வரும் பாட்டு. முதல் வரி முடியவில்லை, அந்தக் கால்கள் இரண்டும் நகர்ந்தன. நேராக அவளைப் பார்த்திருந்த பாதங்கள் மெள்ள மெள்ள இடது பக்கம் திரும்பி, சமையலறைக் கதவைப் பார்த்து நின்றுவிட்டன. முழங்காலும் திரும்பிவிட்டது. நாற்காலியே அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து கிறீச்சிட்டது. போதாக்குறைக்கு வலது கால் பெருவிரல் தரையைத் தட்ட ஆரம்பித்தது. தட்டு, தட்டு, தட்டு. இவள் எப்போது தொலைவாள் என்று தட்டுகிற மாதிரி.

கதவுக்குப் பின்னால் வளையல் சிணுங்கியது.

அவளுக்குக் காதெல்லாம் ரத்தம் ஏறிவிட்டது. என்ன பாடினாள், எப்படிப் பாடினாள் என்று அவளுக்கே தெரியாது. குரல் மட்டும் பழக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. சரணம் வரும்போது அம்மா, "சாவித்ரி, பாலை இறக்கு" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள், வளையல் சத்தம் உள்ளே போய்விட்டது. பாட்டும் முடிந்தது. கால்கள் திரும்பவும் நேராக வந்து உட்கார்ந்துகொண்டன. பார்க்க வேண்டியவள் போய்விட்டாள், இனி எந்தப் பக்கம் பார்த்தால் என்ன!

சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்று, லெட்டர் போடுகிறோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். குதிரைவண்டி தெருமுனை திரும்பியதோ இல்லையோ, அம்மா வந்துவிட்டாள்.

"கால் என்னடி சொல்லித்து?"

"அந்தக் கால் சாவித்ரியைப் பாத்துது."

அப்பா மேல்துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். சாவித்ரிக்கு முகம் சிவந்தது.

"வெறுதே ஏதாவது சொல்லாதே அக்கா! நான் கதவுக்கு அந்தாண்டையாக்கும் நின்னேன்."

"உன்னை ஒண்ணும் சொல்லலைடி. நான் பாட ஆரம்பிச்சதும் கால் ரெண்டும் உன் பக்கம் திரும்பித்து. நீ உள்ளே போனதும் நேரா வந்துடுத்து. அந்த மாமிக்கே தெரியும், காலாலே ஒரு இடி இடிச்சா." அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அப்பா, எனக்கு இந்த இடம் வேண்டாம். சாவித்ரிக்குக் கேளுங்கோ. இன்னிக்கே எழுதிடுங்கோ."

"பைத்தியமா உனக்கு?" அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மூத்தவளை வெச்சுண்டு இளையவளைக் குடுத்தா ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் ஆறு தடவை வந்து சொஜ்ஜி தின்னுட்டுப் போனது போறாதா அம்மா? இன்னும் என்ன சொல்லணும்?"

"அவாளே சரின்னு எழுதினா?" என்றார் அப்பா மெதுவாக. "பொறுத்துப் பாப்போமே, விஜயம்."

"எழுதினாலும் வேண்டாம். என்னைக் கட்டிண்டு அவளைப் பாத்துண்டிருக்கும் அந்தக் கால். ஒவ்வொரு பண்டிகைக்கும் இந்தக் கூடத்துலே நான் அதைப் பாத்துண்டு உக்காரணுமா?"

அப்பா காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் நாள் முழுக்க அடுத்தவர் எழுதினதை நகலெடுக்கிற மனுஷன், தானாக ஒரு வரி எழுத வேண்டுமென்றால் கை ஓடாது. விஜயலக்ஷ்மியே வாசகம் சொன்னாள், அவர் எழுதினார். மூத்தவளுக்கு இப்போது கல்யாணத்தில் விருப்பம் இல்லை, இரண்டாவது பெண்ணின் ஜாதகம் இத்துடன் இருக்கிறது, தங்கள் அபிப்பிராயம் தெரிய வேண்டும். சாயங்காலத் தபாலுக்குத் தானே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். பெருந்தன்மை என்றுதான் தெருவில் சொன்னார்கள். கொஞ்சம் பெருந்தன்மை, மீதி ரோஷம் என்பது அவளுக்குத் தெரியும். ஏழாவது தடவை வேண்டாமென்று சொன்னது நானாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்து சந்தோஷப்படப் பார்த்தாள். வரவில்லை.

அதற்கப்புறம் எட்டு நாள் இருக்கிறதே, அந்த எட்டு நாளும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆபீஸில் ஒரே கடிதத்தை மூன்று தடவை அடித்தாள், மூன்று தடவையும் தேதி தப்பு. சூப்பிரண்டின் ஒற்றைச் செருப்பு தொங்கிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் போய் லீவு கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. தபால்காரன் தெருவில் வந்து போகிற வரைக்கும் ஆபீஸுக்குக் கிளம்பமாட்டாள், தாமதமாகும். ஒருநாள் ஆபீஸ் விட்டு நேரே பழவங்காடிக்குப் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் வாங்கினாள். உடைக்கக் கையை ஓங்கும்போதுதான் எதற்காக உடைக்கிறோம் என்று யோசனை வந்தது. அவர்கள் சாவித்ரிக்குச் சரியென்று சொல்லவா? சொல்லாமல் இருக்கவா? பின்னால் நின்ற ஆள், "ஒந்நு வேகம், அம்மா" என்று அவசரப்படுத்தினான். வேண்டுதல் இன்னதென்று சொல்லாமலே உடைத்தாள். தேங்காய் சுக்குச் சுக்காகச் சிதறியது. பிள்ளையார் பாடு திண்டாட்டம்தான், எதைக் கொடுப்பார்?

ஒன்பதாம் நாள் லெட்டர் வந்தது. சாவித்ரிக்குச் சம்மதம்.

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "உன் கால் ஜோசியம் இந்தத் தடவையும் பொய்க்கலைடி" என்று மூத்தவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சாவித்ரி மூலையில் நின்று, "எனக்கொண்ணும் வேண்டாம், போங்கோ" என்றாள். அவள் இடது கால் பெருவிரல் வலது கால் பெருவிரலின் மேல் ஏறிக் கொக்கி போட்டுக்கொண்டிருந்தது. குழந்தையிலிருந்தே அப்படித்தான். அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்காவிட்டால் விரல்கள் கொக்கி போடும்.

சரி, அந்த மட்டுக்கும் ஒருத்திக்கு நடந்ததே என்று விஜயலக்ஷ்மி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மாசியில் நிச்சயதாம்பூலம். அதே கூடம், அதே நாற்காலிகள், அடுத்த வீட்டிலிருந்து இந்தத் தடவையும் அவளே தூக்கிவந்தாள். அதே இடத்தில் பட்டாபி. அவனுக்கு நேர் எதிரே மணையில் புதுப்புடவையும் மஞ்சள் பூசிய காலுமாக சாவித்ரி. லக்னப் பத்திரிகை படித்துத் தட்டு மாற்றியாயிற்று. சொர்ணம் அத்தை சுற்றுமுற்றும் பார்த்து, "எங்கே அந்த மூத்த பொண்ணு? அன்னிக்குப் பாடினதையே இன்னொரு தடவை பாடேண்டிம்மா" என்றாள்.

மாட்டேனென்றால் ஊர் அதற்கு ஒரு அர்த்தம் கற்பிக்கும். விஜயலக்ஷ்மி தங்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து பாடினாள்.

முதல் வரி முடியவில்லை. கால்கள் திரும்பின.

சாவித்ரி எதிரிலேயே இருக்கிறாள். கால்களோ அவளை விட்டுவிட்டு, அன்றைக்குப் போலவே மெள்ள இடது பக்கம் திரும்பிச் சமையலறைக் கதவைப் பார்த்தன. கதவில் யாரும் இல்லை. எல்லாப் பெண்களும் கூடத்தில்தான். அம்மா தாயே, இன்றைக்கு அந்தக் கதவில் யாரைப் பார்க்கிறது இந்தக் கால்? விஜயலக்ஷ்மி பாடிக்கொண்டே முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள். இப்போது அவள் மணப்பெண் இல்லையே, யார் கேட்பது?

அவன் எதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தலையை ஒரு பக்கம் சாய்த்து, வலது காதை அவள் குரலுக்கு நேராக ஏந்திக்கொண்டிருந்தான். கால் பெருவிரல் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. தாளம். ஒரு அட்சரம் தப்பாத ஆதி தாளம். அன்றைக்கும் தாளம்தான் போட்டிருப்பான். பதினொரு வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்டவள், காலைப் பார்த்தாளே தவிரத் தாளத்தைக் கேட்கவில்லை.

சொர்ணம் அத்தை அம்மாவின் பக்கம் குனிந்து ரகசியம் பேசினாள். ரகசியம் என்றால் எட்டு வீட்டுக்குக் கேட்கிற ரகசியம். "இனிமே சொல்லறதுக்கென்ன மாமி, நாம உறவாயாச்சு. பொன்னுக்கு வீங்கி வந்து குழந்தைக்கு இடது காது போயிடுத்து. வலது காது பேஷாக் கேக்கும். பாட்டுன்னா உயிர். நன்னாக் கேக்கணும்னா இப்படித்தான் திரும்பிண்டு உக்காருவான். ரெண்டு இடம் இதைச் சொல்லித் தட்டிப் போச்சு. அதனாலே அன்னிக்கு இவன் அம்மா, எங்க மன்னி, வாயைத் திறக்காதேன்னு சொல்லிட்டா."

அம்மா என்ன பதில் சொன்னாளோ, விஜயலக்ஷ்மி கேட்கவில்லை. பாட்டு நடுவில் நின்றுவிடும் போலிருந்தது. அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் வராதது, அந்த மாமியின் கால் இடித்தது, நாற்காலி கிறீச்சிட்டுத் திரும்பினது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவள் தலையில் குட்டிவிட்டுப் போயின. இந்த ஜன்மத்தில் ஒருத்தரும் அவளை அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. அதைத்தான் முதுகு காட்டினதாக அவள் படித்திருக்கிறாள். அடப்பாவி என்று அவனைச் சொல்வதா, தன்னைச் சொல்வதா?

பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று இந்தக் கூடத்தில் சொல்ல முடியுமா? பக்கத்தில் பார்த்தாள். மணையின் ஓரத்தில் மஞ்சள் பூசிய இரண்டு பெருவிரல்கள், ஒன்றின் மேல் ஒன்று கொக்கி போட்டுக்கொண்டு கிடந்தன. அவள் சரணத்தைப் பாடி முடித்தாள்.

பந்தி முடிந்தபின் பட்டாபி கை அலம்பக் கொல்லைக் கிணற்றடிக்கு வந்தான். சொம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுக்க அங்கே விஜயலக்ஷ்மிதான் நின்றாள். மற்றவர்கள் இன்னும் வரவில்லை.

"உங்களை ஒண்ணு கேக்கலாமா?" என்றான் அவன். "கோபிச்சுக்கப்படாது."

"கேளுங்கோ."

"அன்னிக்கு ஆத்துக்குப் போனதும் அப்பா, மூத்த பொண்ணையே நிச்சயம் பண்ணலாம்னு கார்டு எழுதிட்டார். தபால்லே போடறதுக்குள்ளே உங்காத்து லெட்டர் வந்துடுத்து." கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான், முகத்தைப் பார்க்கவில்லை. "உங்களுக்கு என் காது விஷயம் தெரிஞ்சுபோச்சு, இல்லையா? நீங்க குனிஞ்சுண்டே எல்லாத்தையும் பாத்தேள். அம்மா காலாலே இடிச்சதைக்கூடப் பாத்தேள், நான் கவனிச்சேன். அதனாலேதான் வேண்டாம்னு சொன்னேள். தப்பொண்ணுமில்லை. பக்ஷே அதை வெளியிலே சொல்லாம இருந்தேளே, அதுக்குத்தான்…"

நன்றி சொல்ல வந்திருக்கிறான்! அவனுடைய இடது பக்கம் நின்றிருந்தாள். எங்கே நிற்கிறோம் என்பது அப்போது புத்தியில் இல்லை. "காது இல்லை," என்றாள், குரல் எழும்பவில்லை. "எனக்குப் பிடிச்சிருந்தது. உங்க காலைத்தான் தப்பாப் படிச்சுட்டேன்."

"என்ன சொன்னேள்? கேக்கலை."

உடனே திரும்பினான். வலது காது அவள் பக்கம் வந்தது. கால் இரண்டும் அவளை விட்டுக் கிணற்றைப் பார்த்துத் திரும்பின. நகக்கண்ணில் இன்றைக்கும் அந்தச் சிவப்பு மண். அவன் அசையாமல் காத்துக்கொண்டிருந்தான்.

இப்போது சொன்னால் ஒவ்வொரு எழுத்தும் கேட்கும். உள்ளே கூடத்தில் சாவித்ரி யாருடனோ கலகலவென்று சிரித்தாள்.

"உங்க காதைப் பத்தி எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். சத்தியமா," என்றாள் விஜயலக்ஷ்மி, நிறுத்தி, தெளிவாக. "எனக்கு மலை ஒத்துக்காது. பொன்முடி பஸ்ஸிலே அந்த வளைவுலே எல்லாம் தலை சுத்தும். அவ்வளவுதான் காரணம்."

"அவ்வளவுதானா?" அவன் தோள் இரண்டும் தொப்பென்று இறங்கின. சிரித்துவிட்டான். இரண்டு இடம் தட்டிப்போன மனுஷன், இந்த ஒரு மாசமாக மூன்றாவதையும் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான். "இதை முன்னாடியே சொல்லப்படாதோ! நான் என்னென்னமோ நினைச்சுண்டிருந்தேன்."

"சாரமில்லை, போகட்டும்," என்றாள். "எல்லாரும் என்னென்னமோதான் நினைச்சுக்கறோம்."

அவன் கூடத்துக்குப் போனான். அவள் சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். அது கை நழுவி உருண்டு கிணற்றடிச் சுவரில் இடித்தது. அதை மறுபடி எடுத்து வைப்பதற்குள் சாவித்ரி புதுப்புடவை சரசரக்க ஓடிவந்துவிட்டாள்.

"அக்கா, அக்கா, உன்னோட என்ன பேசினார்? பாட்டு முழுக்க அந்தப் பக்கமே திரும்பிண்டிருந்தாரே, என்னை ஒரு தடவைகூடப் பாக்கலை. எனக்குப் பயமா இருக்கு. அந்தக் கால் என்னடி சொல்லித்து?"

விஜயலக்ஷ்மி தங்கையின் தோளில் நழுவின தலைப்பை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"கால் ஜோசியமெல்லாம் சுத்தப் பொய்டி. அதை விடு. நீ எப்பவும் அவருக்கு வலது பக்கமா நின்னு பேசு. சொல்ல வேண்டியதை அன்னன்னிக்கே சத்தமா சொல்லிடு."